மிக்கேல்ராஜ் வாத்தியார் பூட்டிய புத்தகம்

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மிக்கேல்ராஜ் வாத்தியார் ஒரு முடிவுக்கு வந்தார். முடிவுக்கு வருவது அவருக்குப் புதிதில்லை. வருஷத்துக்கு ஏழெட்டு முடிவுக்காவது வருவார். விடியற்காலையில் எழுந்து நடப்பது, வெற்றிலையை விடுவது, மைத்துனனோடு இனிப் பேசுவதில்லை என்பது, சரி போகட்டும் பேசலாம் என்பது. எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. ஆனால் இந்த முடிவு அவரைப் பற்றியதில்லை. வீட்டில் உள்ள மற்றவர்களைப் பற்றியது. அந்த மாதிரி முடிவுகளில் மனுஷனுக்கு உறுதி தானாக வந்துவிடும்.

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அவர் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்கிறவரும் அவர்தான். மைக் செத்துப்போனாலும் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனை எழுப்பிவிடுகிற குரல். அந்தக் குரலுக்கு வகுப்பில் அறுபது பிள்ளைகள் அடங்குவார்கள். கோயிலில் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கும். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். மனைவி சகாயராணி, ஒன்பதாவது படிக்கிற மகள் ஐரின். அந்த இரண்டு பேரும் ஒரு மாதமாக, அவர் உள்ளே நுழைந்தால் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

காரணம் ஒரு புத்தகம். கட்டுரைப் போட்டியில் ஜெயித்ததற்காக ஐரினுக்குப் பள்ளிக்கூடத்து சிஸ்டர்கள் கொடுத்தது. 'மச்சு வீட்டு மாயக்காரர்கள்' என்று பெயர். அட்டையில் ஒரு அத்தை முறத்தில் உட்கார்ந்து ஆகாயத்தில் போய்க்கொண்டிருப்பாள். நாச்சிமுத்து டீக்கடையில் உலக நடப்பையெல்லாம் பேசி முடித்துவிட்டு ஆறரை மணிக்கு வாத்தியார் வீடு திரும்புகிற நேரம், கூடத்தில் சகாயராணி வாசித்துக்கொண்டிருப்பாள். ஐரின் அவள் மடியில் தலைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"என்ன சிரிப்பு?" என்பார் இவர்.

"அது முதல்லருந்து சொல்லணும்ப்பா."

"சொல்லேன்."

"இப்ப நடுவுல இருக்கோம்ப்பா. செத்த நேரம் இருங்க."

அந்தச் செத்த நேரம் ஒரு மாதமாக முடியவில்லை. காபி ஆறிப்போய் இருக்கும். சோற்றுக்கு வெஞ்சனம் என்று மத்தியானத்துப் பொரியலே மறுபடி வரும். அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தன் வீட்டில் தன்னைத் தவிர எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. இதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் அவர் மதத்தைத் துணைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்குச் சாம்பல் புதன்," என்றார், கோயில் குரலில்.

"தெரியுங்க," என்றாள் சகாயராணி. விரலைப் பக்கங்களுக்கு நடுவே அடையாளமாக வைத்திருந்தாள்.

"இந்தத் தவக்காலத்துல நாம எதையாவது ஒறுக்கணும்."

"கறியைத்தான் வருஷா வருஷம் ஒறுக்குறோமே."

"கறியை ஊரே விடுது. மனசுக்குப் பிடிச்சதை விடணும். அதுதான் ஒறுத்தல்."

"உங்களுக்குப் பிடிச்சது எதுங்க?"

"நான் பொதுவாச் சொல்றேன். நம்ம வீட்டுல ஒரு புத்தகம் இருக்கு. மந்திரம், மாயம், பொம்பளை முறத்துல பறக்குறது. ஒரு கத்தோலிக்க வீட்டுல தவக்காலத்துல கேக்குற சத்தமா இது?"

"சிஸ்டர்தானேப்பா குடுத்தாங்க," என்றாள் ஐரின்.

"சிஸ்டர் அட்டையைப் பாத்திருக்க மாட்டாங்க."

"அட்டையைத் திறந்து கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்தாங்க."

வாத்தியார் அந்தப் பதிலை வகுப்பில் செய்வதுபோலவே காதில் விழாத பதிலாக்கினார். "நாப்பது நாளு. நான் பூட்டி வைக்கிறேன். உயிர்ப்புத் திருவிழா அன்னிக்குத் திருப்பித் தாரேன்."

"சரிங்க," என்றாள் சகாயராணி.

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் எதற்கும் ஒரே வார்த்தையில் சரி சொன்னதில்லை. விவரமான புருஷனாக இருந்தால் அந்த இடத்திலேயே சுதாரித்திருப்பான். நம் வாத்தியாருக்கோ ஜெயித்த மிதப்பு.

"அப்ப நீங்க எதை விடுறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"நானா?"

"நாச்சிமுத்து கடையை விடுங்களேன். மனசுக்குப் பிடிச்சது அதுதானே."

தான் சொன்ன வார்த்தையைத் தானே முழுங்க முடியுமா? விட்டார்.

பூட்டு ஊரில் பிறந்தவருக்குப் பூட்டுக்குப் பஞ்சமில்லை. மேசை இழுப்பறைக்குள் புத்தகத்தை வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்தில் கிடந்த, மாதா படம் போட்ட உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். நாற்பது நாளைக்கு அது மாதாவின் பொறுப்பு.

புதன்கிழமையிலிருந்து அவர் பள்ளிக்கூடம் விட்டு நேராக ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்தார். வந்தால் வீட்டில் ஆள் இல்லை.

"தவக்காலம் முழுக்க நானும் ஐரினும் தினம் சாயங்காலப் பூசைக்குப் போறதா இருக்கோம்," என்று சகாயராணி சொல்லியிருந்தாள். "நாலேமுக்காலுக்குப் போனா ஆறரைக்கு வந்துருவோம். நீங்களும் வாங்களேன்."

"எனக்கு எட்டாம் வகுப்பு விடைத்தாள் ஒரு கட்டு திருத்தணும்."

"அதுவும் கடமைதான். திருத்துங்க."

புதன்கிழமை விடைத்தாள் கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை இழுப்பறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை ஒரு நியாயம் கிடைத்தது. எதை ஒறுக்கிறோம் என்று தெரியாமலே ஒறுத்தால் அது என்ன ஒறுத்தல்? இப்போது கறியை விடுகிறவனுக்குக் கறியின் ருசி தெரியும். அந்த ருசி தெரிந்தவன் விட்டால்தான் புண்ணியம். ஆகவே குடும்பத் தலைவன் என்ற முறையில் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் பார்த்துவிடலாம் என்று உத்தரியத்தை வெளியே எடுத்தார்.

இரண்டு பக்கம் நாற்பது பக்கம் ஆயிற்று.

கதை இதுதான். மலைமேல் ஒரு ஊர். அங்கே சிங்காரம் என்று ஒரு போஸ்ட்மாஸ்டர். அவர் வீட்டில் எல்லோருக்கும் மந்திரம் தெரியும். பெண்டாட்டி உலையில் ஒரு கை அரிசி போட்டால் பத்துப் பேருக்குச் சோறு பொங்கும். மகள் எருமையை ஆளின் கண்ணுக்குத் தெரியாமல் செய்வாள். தங்கச்சி முறத்தில் பறப்பாள், வேண்டுமென்றால் பூனையாகவும் மாறுவாள். சிங்காரத்துக்கு மட்டும் ஒரு மந்திரமும் தெரியாது. வீட்டில் மந்திரம் நடக்கிறது என்பதும் தெரியாது. தெரிந்தால் மனுஷன் மனசு விட்டுப்போய்விடும் என்று எல்லோரும் பேசிவைத்து மறைக்கிறார்கள். தன் கண்டிப்பால்தான் குடும்பம் இவ்வளவு சீராக நடக்கிறது என்று நம்பிக்கொண்டு அவர் மீசையைத் தடவுகிறார்.

முதல் பத்துப் பக்கத்தில் மிக்கேல்ராஜ், "என்ன மடையன்டா இவன்," என்று சிரித்தார். இருபதாம் பக்கத்தில், "பாவம்," என்றார். நாற்பதாம் பக்கத்துக்கு வரும்போது முழுக்க முழுக்கச் சிங்காரத்தின் கட்சிக்கு வந்துவிட்டார். அந்த ஆளிடம் யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்போது வாசல் கேட்டின் கொக்கி சத்தம் கேட்டது.

புத்தகத்தை உள்ளே தள்ளிப் பூட்டினார். விடைத்தாள் கட்டின் நூலைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் முகமே காட்டிக்கொடுக்கும். வேறு வழியில்லாமல் அடுக்களைக்குள் பாய்ந்து, அரிவாள்மனையை இழுத்துப் போட்டு, கூடையிலிருந்த சின்ன வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தார். எட்டு வெங்காயம் உரித்த பிறகுதான் அவர்கள் உள்ளே வந்தார்கள். கேட்டிலிருந்து கதவுக்கு நாலு எட்டுதான். இவ்வளவு நேரம் எப்படி ஆயிற்று என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"என்னங்க இது?" என்றாள் சகாயராணி.

"சும்மாதான். ஒறுத்தல்."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாக இருக்கும். "நல்ல மனசுங்க உங்களுக்கு. ஆனா ஒண்ணு. தவக்காலத்துல ஆரம்பிச்ச ஒறுத்தலை இடையில விடக் கூடாது. பாவம்."

இப்படியாக வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் வாத்தியார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பலகாரம் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். சகாயராணி கையை நீட்டினாள்.

"புத்தகத்தைக் குடுங்க."

"எந்தப் புத்தகம்?"

"பூட்டி வச்சிருக்கீங்களே, அது."

"தவக்காலம் முடியலையே."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஞாயிறு தவக்காலக் கணக்குல வராதுங்க."

"யாரு சொன்னா?"

"கணக்கு வாத்தியார் நீங்க. நீங்களே எண்ணிப் பாருங்க. சாம்பல் புதன்லருந்து உயிர்ப்புக்கு முந்தின பெரிய சனி வரைக்கும் எத்தனை நாளு?"

காலண்டரை எடுத்து எண்ணினார். நம்பாமல் விரல் விட்டு மறுபடி எண்ணினார். "நாப்பத்தாறு."

"நீங்க எத்தனை நாளு பூட்டுறேன்னு சொன்னீங்க?"

"நாப்பது."

"மிச்சம்?"

"ஆறு."

"நடுவுல ஞாயிறு எத்தனை வருது?"

வாத்தியார் காலண்டரைத் திரும்பச் சுவரில் மாட்டினார். இருபது வருஷமாக அடுத்தவர் பிள்ளைகளுக்குக் கழித்தல் கற்றுக்கொடுத்தவருக்கு அவர் வீட்டுக் கூடத்திலேயே கழித்துக் காட்டியாயிற்று. "கோயில்ல பிரான்சிஸ் சாமியார்கிட்டயும் கேட்டுட்டேன்," என்று அவள் மேலே ஒரு ஆணியும் அடித்தாள்.

"அப்ப நானும் ஞாயித்துக்கிழமை நாச்சிமுத்து கடைக்குப் போகலாம்ல?"

"தாராளமாப் போங்க. ஞாயித்துக்கிழமை அவருக்குக் கடை லீவு."

அன்று மத்தியானம் சகாயராணி மறுபடி முதலிலிருந்து வாசிக்க, ஐரின் கேட்க, வாத்தியார் நாற்காலியில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் படித்துவிட்ட இடம்தான் வந்தது. சிங்காரத்தின் தங்கச்சி பூனையாக மாறி அடுப்பங்கரையில் மீனைத் தின்றுகொண்டிருக்கிறாள். சிங்காரம் உள்ளே வருகிறார். பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். இனி அவர் சொல்லப்போவது என்ன என்று வாத்தியாருக்குத் தெரியும். 'இந்த வீட்டில் நான் சொன்னால் கேட்கிற ஜீவன் நீ ஒருத்திதான்' என்பார். நினைத்த மாத்திரத்தில் வாத்தியாருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சகாயராணி அந்த வரிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வாசிப்பு நின்றது. "என்னங்க சிரிப்பு?"

"பேப்பர்ல ஒரு விஷயம்."

ஐரின் எழுந்து வந்து பேப்பரைப் பார்த்தாள். "அப்பா, இது இரங்கல் பக்கம்."

"ஒருத்தரு... அந்தக் காலத்துல ரொம்பத் தமாஷான ஆளு," என்றார் வாத்தியார்.

"ஆத்மா சாந்தியடையட்டும்," என்றாள் சகாயராணி. சிலுவை போட்டுவிட்டு அடுத்த வரியை வாசித்தாள்.

அதற்குப் பிறகு வாத்தியார் உஷாரானார். புத்தகம் சீக்கிரம் தீர்ந்துபோனால் மீதித் தவக்காலத்தை எப்படிக் கழிப்பது? ஒரு நாளைக்கு ஏழு பக்கம், அதற்கு மேல் ஒரு வரி கிடையாது என்று கணக்கு வைத்தார். ஏழு பக்கத்தையும் இரண்டு தரம் படித்தார். கொக்கி சத்தம் கேட்டதும் அடுக்களைக்கு ஓடினார். வெங்காயத்தில் தொடங்கினது பூண்டுக்குப் போய், புளி கரைத்து, இரண்டாவது வாரம் ரசத்தில் வந்து நின்றது. மூன்றாவது வாரம் கத்தரிக்காய்க் குழம்பு. "கொஞ்சம் உப்பு தூக்கலா இருக்கு. ஆனா பக்குவம் வந்துருச்சு," என்று சகாயராணி சொன்னபோது, கணக்கில் நூறு வாங்கின பிள்ளை மாதிரி அவருக்குக் குளிர்ந்தது. நாலாவது வாரம் சகாயராணி சாயங்காலம் அடுக்களைப் பக்கமே வரவில்லை. ஐரின் பள்ளிக்கூடத்தில், எங்கள் வீட்டில் அப்பாதான் சமையல் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஐந்தாவது ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை சாயங்காலம். கதை உச்சத்தில் நின்றது. சிங்காரத்துக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்துவிட்டது. வெளியூர் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வருகிறார். வீட்டுக்குள் மெல்ல நடக்கிறார். உள்ளே எல்லோரும் சிரிக்கிற சத்தம். அடுக்களைக் கதவில் கையை வைத்துத் தள்ளுகிறார். அங்கே...

பக்கத்தைப் புரட்டினார். பின்னட்டை வந்தது.

இருநூற்றெட்டாம் பக்கத்தோடு புத்தகம் முடிந்திருந்தது. கடைசிப் பதினாறு பக்கங்களைத் தையலோடு யாரோ பதமாகக் கழற்றி எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் அந்தோணியார் படம் ஒன்று இருந்தது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? வாத்தியாரும் வாயை மூடிக்கொண்டு அன்றைக்குப் பருப்பைக் கடைந்தார். பருப்பு கூழாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஐரினிடம் நூல் விட்டுப் பார்த்தார். "ஏம்மா, நீங்க படிக்கிற கதையில அந்த அப்பாவுக்குக் கடைசியில விஷயம் தெரிஞ்சுருமா?"

"எந்த விஷயம்ப்பா?"

"ஏதோ விஷயம் இருக்கும்ல."

"கதையில அப்பா இருக்காருன்னு உங்களுக்கு யாருப்பா சொன்னா?"

"எல்லாக் கதையிலயும் ஒரு அப்பா இருப்பாருல்ல," என்று சொல்லிவிட்டு அவசரமாகச் செருப்பைத் தேடினார்.

புதன்கிழமை எட்டாம் வகுப்பில் ஒரு முக்கோணத்துக்கு நாலு பக்கம் வரைந்தார். வியாழக்கிழமை இரவு சோறு இறங்கவில்லை. சிங்காரம் கதவைத் தள்ளின கையோடு கண்ணுக்குள்ளேயே நின்றார். அந்த மனுஷனுக்குத் தெரிந்ததா இல்லையா? தெரிந்ததும் அவர்கள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்களா, இல்லை மந்திரம் போட்டு மறக்கடித்துவிட்டார்களா? ஊர் நூலகத்தில் கேட்கலாம் என்றால் அங்கே பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். முறத்தில் பறக்கிற அத்தையைக் கேட்டு வாத்தியார் போய் நின்றால் அடுத்த நாள் பள்ளிக்கூடமே பறக்கும்.

சனிக்கிழமை காலையில், "கேள்வித்தாள் வேலையா ஒரு இடத்துக்குப் போயிட்டு வாரேன்," என்று கிளம்பி வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. சகாயராணி கேட்கவும் இல்லை.

வத்தலக்குண்டு நூலகத்தில் கருப்புசாமி என்கிற நூலகர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இருந்தது ஒரே ஒரு பிரதி சார். நேத்துத்தான் நான்சி டீச்சர் எடுத்துட்டுப் போனாங்க."

நான்சி வேறு யாரும் இல்லை, சகாயராணியின் தங்கச்சி. அந்த ஊரிலேயே குடியிருக்கிறாள். தெய்வச் செயல் என்று நினைத்துக்கொண்டார் வாத்தியார். யதார்த்தமாகப் போவதுபோல் போய், அவள் உள்ளே காபி போடுகிற நேரத்தில் பதினாறு பக்கத்தைக் கண்ணால் விழுங்கிவிட்டு வந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"வாங்கத்தான்," என்று நான்சி வாசலிலேயே நின்றாள். இலை போட்டிருந்தது. சாம்பார், கூட்டு, அப்பளம் எல்லாம் தயாராக இருந்தன.

"யாராச்சும் விருந்தாளி வாராங்களா?"

"நீங்கதான். அக்கா காலையில போன் பண்ணுச்சு. அத்தான் பதினோரு மணி பஸ்ஸுல வருவாரு, நல்லாச் சாப்பாடு போட்டு அனுப்பு, புத்தகத்தை மட்டும் கண்ணுல காட்டிராதேன்னுச்சு. என்ன புத்தகம்னு எனக்குத் தெரியாதுத்தான். நேத்தே எடுத்துட்டு வந்து வைன்னுச்சு, வச்சேன்."

வாத்தியார் சாப்பிட்டார். சாம்பாரில் பெருங்காயம் குறைவு என்று தோன்றியது. அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தான் ஆகிவிட்டோமே என்று இன்னொரு பக்கம் வேதனையாகவும் இருந்தது.

வீடு திரும்பும்போது சாயங்காலம் நாலு மணி. சகாயராணி கூடத்தில் கொத்தமல்லித் தழையை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐரின் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வாத்தியார் சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார். பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொல்ல முட்டி போடுகிறவன் முகம் அது.

"படிச்சேன்," என்றார்.

"தெரியும்ங்க."

"எப்பலருந்து தெரியும்?"

"நீங்க பூட்டுன அன்னிக்கே தெரியும். வேண்டாத பொருளைப் பரண்ல போடுவாங்க. இம்புட்டுப் பெரிய பூட்டுப் போட்டா, உள்ளுக்குள்ள எம்புட்டு ஆசை இருக்கும்."

"கையும் களவுமாப் பிடிச்சிருக்கலாம்ல."

"எதுக்குங்க? நாங்க வந்ததும் கேட்டுக் கொக்கியை ஆட்டிட்டு அஞ்சு நிமிஷம் வாசல்லயே நிப்போம். ஐரின் எண்ணிக்கிட்டே நிப்பா. முன்னூறு எண்ணுனா உள்ள வெங்காயம் முடிஞ்சிருக்கும்."

"ஒரு நாளு எறநூறுலயே போயிட்டோம்ப்பா," என்றாள் ஐரின். "அன்னிக்கு நீங்க தோலோட அரிஞ்சுட்டீங்க."

வாத்தியாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு மாதமாகத் தன்னைப் பார்க்கவே பார்க்காதவர்கள் என்று நினைத்திருந்தாரே, அவர்கள் இவ்வளவு உன்னிப்பாகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் சந்தோஷத்தைவிட அவசரம் பெரிது.

"சரி. அந்தப் பதினாறு பக்கம் எங்க?"

"இந்த வீட்டுலதான் இருக்கு."

"வீடு பூராத் தேடிட்டேன். அரிசிப் பானைக்குள்ளகூடக் கையை விட்டுப் பாத்துட்டேன்."

"எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டு இருக்குல்ல. அதுல மூணாவது தாளுக்கு அடியில."

மேசைமேல் கட்டிய நூல் அவிழாமல் அந்தக் கட்டு ஐந்து வாரமாகக் கிடந்தது. வாத்தியார் மூன்றே மூன்று தாளைத் திருத்தியிருந்தால் போதும். வத்தலக்குண்டு வரை போக வேண்டியதில்லை.

"வேற எங்க வச்சாலும் நீங்க பாத்துருவீங்கன்னு பயம்," என்றாள் சகாயராணி. "போன ஞாயித்துக்கிழமை கட்டை அவுத்துப் பக்கத்தை வச்சு, பழையபடி நூலைக் கட்டி வச்சதுகூட உங்களுக்குத் தெரியல. நாங்களும் இன்னும் படிக்கலைங்க. உயிர்ப்புத் திருவிழாவுக்குன்னு எடுத்து வச்சிருக்கோம். நாப்பது நாளுன்னு சொன்னது நீங்கதானே. இன்னும் ஒரு வாரம் பொறுங்க."

ஒரு வாரம். சிங்காரம் இன்னும் ஒரு வாரம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாத்தியாருக்குக் கண்ணைக் கட்டியது. அப்போதுதான் அவருடைய கணக்கு மூளை விழித்தது.

"நாளைக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை. குருத்து ஞாயிறு."

"ஞாயிறு தவக்காலக் கணக்குல வராது," என்றார் வாத்தியார். எழுந்து நின்றே சொன்னார். "நாப்பத்தாறுல ஆறு போகணும். இந்த ஞாயிறோடதான் ஆறு. நான் சொல்லல, பிரான்சிஸ் சாமியார் சொன்னாரு."

சகாயராணி கொத்தமல்லியைக் கீழே வைத்தாள். "அட, ஆமால்ல. எனக்குத் தோணவே இல்லையே." அவள் முகத்தில் அப்படியொரு தோல்வி. "சரிங்க. உங்க பேச்சுப்படியே நாளைக்குப் படிச்சுருவோம். எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. நீங்கதான் வாசிக்கணும்."

பதினேழு வருஷத்தில் முதல் முறையாக மனைவியைப் பேச்சில் மடக்கின களிப்பில் அன்று ராத்திரி அவர் வைத்த ரசம் தெருவே மணத்தது.

மறுநாள் குருத்தோலைப் பவனி முடிந்து, சாப்பாடு முடிந்து, மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பதினாறு பக்கத்தையும் கோயிலில் வாசகத்தைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்தார். கதவில் கைவைத்த சிங்காரத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அவர் வெளியூர் கிளம்பினதிலிருந்து வீட்டில் நடந்த கூத்தைத்தான் கதை முதலில் சொன்னது. அவர் வாசித்தால் சொல்ல வேண்டுமா, நம் வாத்தியார்? சிங்காரத்தின் குரலில் சிங்காரம் பேசினார். பூனை பூனையாகப் பேசியது. தங்கச்சி முறத்திலிருந்து வழுக்குகிற இடத்தில் ஐரின் சிரித்துச் சிரித்து அவர் முழங்காலில் வந்து சாய்ந்தாள். சகாயராணி கன்னத்தில் கையை வைத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிக்கேல்ராஜ் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். இதற்குத்தான் ஏங்கினேன், இதைக் கேட்டிருந்தாலே கிடைத்திருக்கும், நான் போய்ப் பூட்டுப் போட்டேனே என்று நினைத்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

சிங்காரம் கதவைத் தள்ளுகிறார். அங்கே பெண்டாட்டி அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள். மகள் பாத்திரம் துலக்குகிறாள். தங்கச்சி அந்த முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். மந்திரத்தின் வாசனைகூட இல்லை. அவர் பாதி வழியில் திரும்பும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. 'நான் ஒருத்தன் இல்லையென்றால் இந்த வீடு என்ன ஆகும்' என்று சொல்லி மீசையைத் தடவிக்கொண்டு சிங்காரம் தூங்கப் போகிறார். முதல் பாகம் முற்றும்.

வாத்தியார் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் வெறும் வெள்ளை.

"இது என்ன முடிவு? அந்த ஆளுக்குத் தெரியவே இல்லையே."

"ரெண்டாம் பாகத்துல தெரியும்னு போட்டிருக்கு," என்றாள் சகாயராணி.

"ரெண்டாம் பாகம் இருக்கா?"

"சிஸ்டர் போன வாரமே குடுத்துட்டாங்க."

"எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு," என்றாள் சகாயராணி, மடியில் விழுந்திருந்த குருத்தோலைத் துணுக்கைத் தட்டிவிட்டபடி. "ராத்திரிக்கு என்ன வெஞ்சனம் வைக்கப் போறீங்க?"